வைஃபை மாட்டுற வேலைக்கா இன்ஜினியரிங்?

அன்புள்ள அம்மாவுக்கு,

"கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தயாராகுது. இவ மட்டும் வயர்லெஸ் நெட்வொர்க்கிங்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. வீட்டுக்கு பிராட்பேண்ட் போட வர்ற தம்பி பாக்குற வேலைக்கா மூணு வருஷமா ஈசிஇ ஃபீஸ் கட்டினோம்?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் தம்பியின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மகள் ஆசைப்படுவது வேறு வேலை. நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு கல்லூரி அரங்கில் வழிகாட்டி முகாம் நடத்தினோம். முந்நூறு மாணவர்கள் ஒரே நேரத்தில் ஆன்லைனில் படிவம் நிரப்ப வேண்டும். எல்லார் ஃபோனிலும் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை. "இன்னும் நாலு வைஃபை பெட்டி வாங்கி மாட்டணும்" என்றார் நிர்வாகி. பராமரிப்பு நிறுவனத்திலிருந்து வந்த இளம்பெண் ஏணியே கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தார். கூரையில் இருந்த பத்து ஆக்சஸ் பாயின்ட்டில், அதாவது வைஃபை அலை பரப்பும் பெட்டிகளில், பெரும்பாலானவற்றின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ரேடியோவை அணைத்தார். 5 ஜிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸாக இருந்த சேனலை, அதாவது அலை போகும் பாதையின் அகலத்தை, 20 ஆகக் குறுக்கி, பவரையும் குறைத்தார். கால் மணி நேரத்தில் படிவங்கள் போகத் தொடங்கின.

எப்படி என்று கேட்டேன். "ஒரே சேனல்ல ஒருத்தர் பேசுனா மத்தவங்க காத்திருக்கணும் சார். 2.4-ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணுதான். அதுல பத்துப் பெட்டி வச்சா க்யூதான் நீளும்" என்றார். சம்பளம் இந்த அறிவுக்குத்தான் அம்மா.

ஒரு மருத்துவமனைக்கு வைஃபை வடிவமைப்பவர் முடிவு செய்ய வேண்டியவற்றைப் பாருங்கள். சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா? எக்ஸ்ரே அறையின் ஈயத் தகட்டை அலை தாண்டாது. வைஃபை ஃபோனில் பேச்சு அறுபடாமல் இருக்க வார்டின் மூலைமுடுக்கிலும் மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு) கிடைக்க வேண்டும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. அதில் 3 குறைந்தால் அலையின் வலிமை பாதியாகிவிடும். 2.4 மட்டுமே தெரிந்த பழைய கருவிகள் இருந்தால் அந்த அலைவரிசையை முழுதாக அணைக்கவும் முடியாது. எல்லாவற்றையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலரைக் கட்டடத்துக்குள் வைப்பதா, கிளவுடில் வைப்பதா? கிளவுட் என்றால் இணைய இணைப்பு அறுந்த இரவில் நர்ஸ் லாகின் ஆக முடியுமா? எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டா, ஆளுக்கொரு அடையாளமா? ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே அவர் கதவை மட்டும் அடைக்க முடிய வேண்டுமே.

புதுத் தொழில்நுட்பம் வந்தால் இந்தக் கேள்விகள் கூடத்தான் செய்கின்றன. வைஃபையின் புதிய தலைமுறையான வைஃபை 7-க்கான சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்த அகலம் 6 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் கிடைக்கும். அமெரிக்கா 2020-லேயே 6 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியா 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகளில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்கியது 5925 முதல் 6425 வரை, வெறும் 500 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். நாலு மாடி அலுவலகத்தில் அதைப் போட்டால் அந்தக் கல்லூரி அரங்கின் கதைதான். இன்னொன்று, பல வைஃபை 7 பெட்டிகளுக்கு நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து (கேபிள்களை இணைக்கும் பெட்டி) கேபிள் வழியே 30 வாட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். பழைய ஸ்விட்சை வைத்துக்கொண்டு புதுப் பெட்டி வாங்கினால் அது சில வசதிகளைத் தானே அணைத்துக்கொண்டு ஓடும். இதை வாங்கும் முன்பே சொல்லக்கூடிய ஆளாக உங்கள் மகள் வர வேண்டும்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். கேம்பஸ் இன்டர்வியூவில் இந்தப் பெயரில் வேலை வருவது குறைவு. நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கும் நிறுவனங்களில்தான் பெரும்பாலும் நுழைவு. முதல் ஓரிரு வருடம் ஷிஃப்டில் உட்கார்ந்து புகார் பார்க்க நேரலாம். நெட்வொர்க்கில் மாற்றம் செய்யும் வேலைகளை அலுவலகம் அடங்கிய பிறகு, ராத்திரியில்தான் செய்வார்கள். வெளியூர்ப் பயணம் உண்டு. வீட்டில் இதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஏஐ இந்த வேலையையும் தின்றுவிடுமா என்றால், திரையைப் பார்த்துப் புகாரைப் பதிகிற வேலை சுருங்கும் என்றே நினைக்கிறேன். கட்டடத்துக்குள் நடந்து அளந்து, அந்த இடத்துக்கு எது சரி என்று முடிவெடுக்கிற வேலைக்கு ஆள் வேண்டியிருக்கும்.

படிப்பு விஷயம். "நூறு சதவீத வேலை உறுதி" என்று போர்டு வைத்த இடத்தில் தயவுசெய்து லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் பாக்கெட் ட்ரேசர், கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகும் மென்பொருள், இலவசம், அதில் பழகட்டும். பிறகு சிஸ்கோ தரும் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ, தேர்வுக் கட்டணம் 300 டாலர், சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். அதன் பின் எந்த நிறுவனத்தையும் சாராத வயர்லெஸ் சான்றிதழான சிடபிள்யூஎன்ஏ. கூடவே பைத்தான் புரோகிராமிங் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. மனம் மாறி சாஃப்ட்வேர் பக்கம் போனாலும் வீணாகாது. பாஸானால் போதும் என்று பிள்ளைகள் தள்ளிவிடும் ஆன்டெனா பேப்பர் இருக்கிறதே, அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவளுக்குச் சோறு போடப்போவது அதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். ஃபோனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் சிக்னல் எத்தனை டிபிஎம் என்று குறிக்கட்டும். கதவு திறந்தும், சாத்தியும், இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் தனித்தனியாக. ரவுட்டரை இடம் மாற்றி இன்னொரு தரம். கூடவே நீங்களும் நடந்து பாருங்கள். அந்தத் தாளோடு இருவருமாக வாருங்கள் அம்மா, எந்த ஊர், எந்த மாதிரி நிறுவனம் என்பதை அப்போது பேசுவோம்.