கேள்வி நேரம்: ஆறு நிமிடமும் பதினாறு நிமிடமும்

கேள்வி: தூர்தர்ஷனில் பார்த்த தேசிய ஒருமைப்பாட்டுப் பாட்டு ‘மிலே சுர் மேரா தும்ஹாரா’வைத் தேடப் போய், 2010-ல் புதிதாக எடுத்த ‘ஃபிர் மிலே சுர்’ கண்ணில் பட்டது. பாதிக்கு மேல் உட்கார முடியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: எனக்கும் அதே கதிதான். அந்தக் குடியரசு தினத்தன்று காபி டம்ளரோடு ஆவலாக உட்கார்ந்தவன், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தால் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினாறு நிமிடத்துக்கு மேல், ஐயா! 1988 சுதந்திர தினத்தன்று வந்த பழைய பாட்டு, பதினான்கு மொழிகளையும் ஏறக்குறைய ஆறு நிமிடத்தில் சுற்றிக் காட்டிவிட்டது.

தெரியாதவர்கள் கைவைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றும் சொல்ல வழியில்லை. பழையதை எடுத்த கைலாஷ் சுரேந்திரநாத்தேதான் புதியதையும் எடுத்தார், இசையில் அதே லூயிஸ் பேங்க்ஸ். ரஹ்மான், யேசுதாஸ், சிவ்குமார் சர்மா என்று ஆட்களுக்கும் குறைச்சல் இல்லை. அப்புறம் எங்கே சறுக்கியது? பழையதில் பீம்சேன் ஜோஷி தொடங்கி வைத்த சுரத்தை ஒவ்வொரு மொழியும் வாங்கி, ஒரு வாய் பாடி, அடுத்த மொழியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நடிகர்கள் வந்தார்கள்தான், கமல்கூட வருவார், ஆனால் யானை மேல் போகும் பாகனுக்கும் அதே மரியாதைதான். புதியதில் ஒவ்வொரு நட்சத்திரமும் சாவகாசமாக வந்து, முகம் காட்டி, சிரித்து, கையை விரித்து, அதற்கப்புறம்தான் வழி விடுகிறார்கள். பாட்டு பின்னணி ஆகிவிட்டது.

பழைய பாட்டின் தமிழ்ப் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலமுரளிகிருஷ்ணா ‘இசைந்தால்’ என்று எடுப்பாரே, அந்த ஒரு சொல்லிலேயே சம்மதமும் இருக்கிறது, இசையும் இருக்கிறது. மற்ற மொழிகளில் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்திருக்குமா, சந்தேகம்தான். நாங்கள் இந்தி தெரியாத வீட்டில், பக்கத்து வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில், எப்போதடா தமிழ் வரும் என்று காத்திருந்து அந்தச் சில நொடிகளைப் பிடிப்போம். கடைசியில் வரும் மூவர்ணம் எங்களுக்குச் சாம்பல் நிறத்தில்தான் தெரிந்தது, அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

(இன்னொன்று: தொடக்கத்தில் வரும் அருவி நம் கொடைக்கானல் பாம்பார் அருவி. லிரில் சோப்பு விளம்பரம் எடுத்தார்களே, அதே அருவி.)

கேள்வி: பழசுதான் உசத்தி என்பது வயதாகிவிட்டதற்கு அடையாளம் இல்லையா?
- வாசகி, மதுரை

பதில்: இருக்கலாம், முழங்காலும் அப்படித்தான் சொல்கிறது. அதனால் அண்ணன் மகளிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன், வயது பதினான்கு. புதியது ஓடும்போது, “சித்தப்பா, இது பாட்டா, விளம்பரமா?” என்றாள். பழையதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, யானை வரும் இடத்துக்கு மட்டும் இரண்டு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தாள்.