0.9 ரேடியேற்றர் மூடிக்குப் பதிலாக 1.1 போடலாமா?

வேண்டாம். கல்முனைக் கடையில் 0.9 இல்லையென்று 1.1 தந்தார்கள், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இலக்கம் எந்த அழுத்தத்தில் மூடியின் வால்வு திறக்கும் என்பதைச் சொல்கிறது. அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலையும் கூடும்: 0.9 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஏறத்தாழ 119 பாகை. 1.1 போட்டால் இன்னும் மூன்று பாகைதான் லாபம். அதற்காகப் பழைய ஹோஸ், காருக்குள் சூடு தரும் ஹீற்றர் கோர், ரேடியேற்றரின் பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றையும் கூடுதல் அழுத்தத்தில் வைப்பது நியாயமில்லை. இலக்கம் குறைந்த மூடியும் ஆகாது. செங்கலடியிலிருந்து பதுளைக்கு ஏசியோடு மலை ஏறும்போது கொதித்துவிடும்.

இலக்கம் சரியாக இருந்தாலும் அளவைப் பாருங்கள். ஜப்பான் கார்களுக்குச் சின்ன வால்வு, பெரிய வால்வு என இரண்டு வகை உண்டு. பழைய மூடியைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது.

மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வை யாரும் கவனிப்பதில்லை. எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் போத்தலிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்க வழிவிடுவது அதுதான். அது இறுகிவிட்டால் ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடக்கும். அப்படி இருந்தால் உடனே மாற்றுங்கள்.

அப்புறம், எஞ்சின் நன்றாக ஆறாமல் மூடியில் கை வைக்கவே வேண்டாம்.