கை மரத்தால் போனை வையுங்கள்

கேள்வி: ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்தாலும் போனைக் கீழே வைக்க ஒரு மணி ஆகிவிடுகிறது. கண் எரிச்சல், கழுத்து வலி வேறு. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, நேரத்தைக் கணக்கிடும் ஆப் இரண்டும் வாங்கியாயிற்று. இன்னும் ஏதாவது நல்ல கருவி இருக்கிறதா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். கண் எரிகிறது, கழுத்து வலிக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். இதற்கு மேல் உடம்பு வேறு எப்படித்தான் சொல்லும்?

முதலில் அந்தக் கண்ணாடி. அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு, சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல் சொல்லிவிட்டது. எரிச்சலுக்கு முக்கியக் காரணம் நாம் கண் சிமிட்ட மறப்பதுதான். நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை சிமிட்டுகிற கண், திரையைப் பார்க்கும்போது ஐந்துக்கோ ஏழுக்கோ இறங்கிவிடுகிறது, கண்ணீர்ப் படலம் காய்ந்துபோகிறது. கழுத்தும் அப்படித்தான். ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலையை 60 டிகிரி குனிந்து வைத்தால் கழுத்தெலும்பு 27 கிலோ சுமக்கிறது என்று 2014-இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆனால் எனக்குக் கவலை தருவது வேறு. ஒருக்களித்துப் படுத்து போன் பார்க்கும்போது முழங்கை தலையணையில் அழுந்தி, கொஞ்ச நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகிறதே, அப்போது என்ன செய்கிறோம்? புரண்டு படுத்து அடுத்த கைக்கு மாற்றிக்கொள்கிறோம். சிறுநீர் வந்தால்கூட இன்னும் ஒரே ஒரு வீடியோ என்று அடக்கிக்கொள்கிறோம். உடம்பு கூப்பிடக் கூப்பிட அதை வாயடைக்கவே பழகிவிட்டோம், இது ரொம்ப ஆபத்தான பழக்கம். உங்கள் மனஉறுதியை மட்டும் குறை சொல்லமாட்டேன். முன்பெல்லாம் பக்கம் முடியும், அடுத்ததை அழுத்தலாமா என்று யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க மென்பொருள் வடிவமைப்பாளர் உருவாக்கிய, தள்ளத் தள்ள அடுத்தது தானாக வந்துகொண்டே இருக்கும் முடிவில்லாத ஸ்க்ரோல் அந்த நொடியை எடுத்துவிட்டது, அவரே பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தினார்.

அதனால் நேரம் கணக்கிடும் அந்த ஆப்பை அழித்துவிட்டு, கை மரத்தால் கை மாற்றாமல் போனை வையுங்கள், கண் உறுத்தினால் கசக்காமல் மூடிக்கொள்ளுங்கள். போனை அடுத்த அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தால் இன்னும் நல்லது. அப்புறம், கழுத்து வலி தோளைத் தாண்டிக் கைக்கு இறங்குகிறதென்றாலோ, பகலிலும் விரல் மரக்கிறதென்றாலோ தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.