கொலுப் படி விளக்கு மெல்ல எரிய: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, கொலுப் படிக்கு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப். மெல்ல எரியட்டும் என்று, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட் என்ற காலில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வைத்தேன். ஒன்றரை வினாடி இருட்டு, அப்புறம் சட்டென்று முழு வெளிச்சம். ஏன்?

பதில்: கெபாசிட்டர் மெல்லத்தான் ஏறுகிறது தம்பி, மாஸ்ஃபெட்தான் காத்திருக்காது. கேட்டில் 3 வோல்ட் வரும்வரை தூங்கும். 4 வருவதற்குள் ஏறக்குறைய முழுதாகத் திறந்துவிடும். உங்கள் கணக்கில் 3 வோல்ட்டுக்கு 1.35 வினாடி, 4 வோல்ட்டுக்கு 1.9. மங்கல் முழுக்க அந்த அரை வினாடிக்குள் முடிந்துபோகிறது.

பிடபிள்யூஎம்முக்கு மாறுங்கள்: விளக்கை வேகமாக எரித்து அணைத்து, எரியும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து வெளிச்சத்தை மாற்றும் முறை. ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையின் 9ஆம் பின், கூடவே ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட். கடைக்காரர் ஐஆர்எஃப்இசட்44என் கொடுத்தால் வாங்காதீர்கள், 5 வோல்ட்டில் அது சரியாகத் திறக்காது. வெளிச்சத்துக்கான எண்ணை 0 முதல் 255 வரை சீராக ஏற்றினாலும் தொடக்கத்திலேயே பளிச்சென்று தெரியும், நம் கண் அப்படி. எண்ணை அதே எண்ணால் பெருக்கி 255ஆல் வகுத்து அனுப்புங்கள். புரோகிராமில் ‘இன்ட்’ என்ற சிறிய எண் வகையில் வைத்தால் 182ஆவது படியில் கணக்கு மைனஸுக்குப் போய்விடும். ‘லாங்’ என்ற பெரிய வகை போடுங்கள்.

கேள்வி: ஃபேன் ரெகுலேட்டரில் வீட்டு எல்இடி பல்பை மாட்டலாமா?

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட் குழம்பி பல்பு மினுக்கும். அட்டையில் ‘டிம்மபிள்’ என்று போட்டிருந்தால் மட்டும், அதுவும் அதற்கேற்ற டிம்மரில்.

கேள்வி: குண்டு பல்புக்கு ஏசி மின்சாரத்தைத் திறந்து மூடும் பிடி136 டிரையாக், அதைத் தட்டிவிட எம்ஓசி3041 சிப். எரிகிறது, அணைகிறது, மங்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: 3041 மின்னழுத்தம் சுழியைத் தொடும்போதுதான் டிரையாக்கைத் தட்டிவிடும். மங்க வேண்டுமென்றால் 10 மில்லிவினாடி அரைச் சுற்றின் நடுவே தட்ட வேண்டும். எம்ஓசி3021 வாங்குங்கள். பிடி136இன் முதுகுத் தகடு அதன் எம்டி2 முனைதான், மெயின்ஸ் கரண்ட் ஓடும். தொடாதீர்கள். நான் தொட்டிருக்கிறேன்.

கேள்வி: சார், ரெகுலேட்டரில் எல்இடி பல்பு…

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: ஒரு விளக்கு மங்க ஆர்டுயினோவா? அந்தக் காலத்தில் 555 டைமர் சிப்பிலேயே முடித்தோம்.

பதில்: 555 பிடபிள்யூஎம் கொடுக்கும். குமிழைத் திருகப் போவது யார், நீங்களா?

கேள்வி: ஏன், 555இன் கட்டுப்பாட்டுக் காலான 5ஆம் பின்னில் ஒரு கெபாசிட்டர் மெல்ல ஏறினால் போதாதா?

பதில்: கெபாசிட்டர் முதலில் விறுவிறுவென ஏறும், கடைசியில் நகரவே நகராது. கண்ணுக்கு வேண்டியது நேர் எதிர்.

கேள்வி: அணையும்போது?

பதில்: ம். இறங்கும்போது அதே வளைவு கண்ணுக்கு இதமாகத்தான் இருக்கும். அணைப்பதற்கு உங்கள் கட்சி. ஏற்றுவதற்கு ஆர்டுயினோதான், விட்டுத்தர மாட்டேன்.

கேள்வி: டிரையாக் தகட்டில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது. சர்க்யூட் பழுதா?

பதில்: ஐயா, சர்க்யூட் நன்றாக இருக்கிறது. அதைத்தானே தொடாதீர்கள் என்றேன்! பிடிஏ என்று தொடங்கும் டிரையாக் கேளுங்கள், அதன் தகடு இன்சுலேட் செய்தது. அதையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள்.