கன் ஷோவில் ரிவால்வர் வாங்குவது எப்படி?

கேள்வி: டெக்சாஸில் கிரீன் கார்டுடன் வசிக்கிறேன். துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்து விற்கும் சந்தையான கன் ஷோவில் பழைய ரிவால்வர் ஒன்று வாங்க ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: மேஜைமேல் உள்ளதைத் தொடும் முன் "எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். எடுத்தால் குழல் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். விரல் விசையில் படக் கூடாது. பிளாஸ்டிக் பட்டி போட்டுக் கட்டியிருந்தால் விற்பவரே அவிழ்க்கட்டும். தோட்டாக்கள் போடும் உருளையான சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலிதானா என்று பாருங்கள். மூடும்போது சினிமா பாணியில் மணிக்கட்டைச் சுண்டினால் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கரம் வளைந்துவிடலாம். விற்பவர் முகம் சுளிப்பது அதனால்தான்.

அனுமதி கேட்டு, பின்புறம் சுத்தியல் போல இருக்கும் ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அது முழுதாக நிற்கும் நேரத்தில் சிலிண்டர் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஒன்றில் பூட்டாவிட்டாலும் தோட்டா குழலுக்கு நேராக நிற்காது, ஈயம் பக்கவாட்டில் தெறிக்கும். சின்ன டார்ச்சால் குழலுக்குள் பாருங்கள். கறுப்பு வளையம் தெரிந்தால் குழல் உள்ளே உப்பியிருக்கிறது, விட்டுவிடுங்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் கற்றுக்குட்டி யாரோ பிரித்திருக்கிறார். பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் தேய்த்து மறுபடி நிறம் ஏற்றியது. சேகரிப்பாளர்கள் அதற்கு நல்ல விலை தர மாட்டார்கள். திருப்பித் தரும்போது விரல் பட்ட இடங்களைத் துணியால் துடையுங்கள், வியர்வை துருப்பிடிக்க வைக்கும்.

பேரம் பேசலாம். "இதற்கு என்ன தந்தால் கொடுப்பீர்கள்?" என்றால் மரியாதை; பொருளை மட்டம் தட்டிப் பேசுவது எடுபடாது. பக்கத்தில் ஒருவர் பேரத்தில் இருக்கும்போது குறுக்கே விலை சொல்லாதீர்கள்.

கேள்வி: டீலரிடம் என்ன காகிதங்கள்? என் நண்பர் எச்-1பியில் இருக்கிறார், அவருக்கும் ஒன்று வாங்கித் தரலாமா?

பதில்: கூடாது. அவர் பணத்தில், அவருக்காக நீங்கள் வாங்கிவிட்டு, டீலரிடம் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் 'எனக்கே' என்று எழுதினால் அது கூட்டாட்சிக் குற்றம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல், துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது.

உரிமம் பெற்ற டீலர் கன் ஷோவிலும் 4473 நிரப்பச் சொல்லி, பின்னணிச் சோதனை செய்வார். கைத்துப்பாக்கிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். அடையாள அட்டையில் இப்போதைய முகவரி இருக்கட்டும். பழைய முகவரி என்றால் வாகனப் பதிவு போன்ற வேறோர் அரசு ஆவணமும் வேண்டும். கிரீன் கார்டை மறக்க வேண்டாம், அதிலுள்ள எண்ணைப் படிவத்தில் கேட்பார்கள். பக்கத்து மாநில ஷோவில் கைத்துப்பாக்கி வாங்கினால் கையோடு கொண்டுவர முடியாது. டெக்சாஸ் டீலர் ஒருவருக்கு அனுப்பி அங்கே பெற வேண்டும், அவர் கட்டணமும் சேரும்.