வாசகர் கேள்வி – பதில்: கட்டடக்கலைஞர் வரைந்த வெள்ளிக் கரண்டிகள்

கேள்வி: வியன்னாவைச் சேர்ந்த யோசஃப் ஹாஃப்மன் வடிவமைத்த வெள்ளிக் கரண்டி, முள்கரண்டி, கத்திகளின் படத்தை ஓர் அருங்காட்சியக நூலில் பார்த்தேன். கட்டடக்கலைஞர் ஒருவர் எதற்காகக் கரண்டி வரைய வேண்டும்? பணக்கார வீட்டுக்குச் செய்த பொருள் பூவேலை இல்லாமல் இத்தனை மொட்டையாக இருப்பது ஏன்?

பதில்: கட்டடக்கலைஞர் ஓட்டோ வாக்னரிடம் பயின்று, பழைய கலைஞர் சங்கத்திலிருந்து பிரிந்து வந்தவர்களின் ‘செசெஷன்’ இயக்கத்தை 1897இல் வியன்னாவில் தொடங்கியவர்களுள் ஒருவரான ஹாஃப்மனுக்கு வீடு என்பது சுவரோடும் கூரையோடும் முடிந்துவிடும் பொருளன்று. நாற்காலி, விளக்கு, திரைச்சீலை, சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் உப்புச்சிமிழ் என அனைத்தும் ஒரே சிந்தனையிலிருந்து பிறக்க வேண்டும் என்பதே அவரும் அவருடைய நண்பர்களும் கொண்டிருந்த கொள்கை. அதைச் செயற்படுத்துவதற்காக அவரும் ஓவியர் கொலோமன் மோசரும், செல்வந்தர் ஃப்ரிட்ஸ் வேர்ண்டோர்ஃபரின் பணத்தைக் கொண்டு, 1903இல் ‘வீனர் வெர்க்‌ஷ்டேட்டெ’ (வியன்னாப் பட்டறை) என்னும் கைவினைப் பட்டறையை நிறுவினர்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்தப் பட்டறையின் ‘தட்டை மாதிரி’ வரிசையாக இருக்கும். பணம் போட்ட வேர்ண்டோர்ஃபருக்கும் அவர் மனைவி லில்லிக்கும் செய்யப்பட்ட தொகுதியே அதில் புகழ்பெற்றது. நெளிவு சுளிவு இல்லாத தட்டையான கைப்பிடி, அதன் நுனியில் வரிசையாகச் சில சிறு உருண்டை வெள்ளிமணிகள், தம்பதியின் பெயர்களுக்குரிய எழுத்துகளைப் பின்னிய முத்திரை. அலங்காரம் என்று சொல்ல இவ்வளவுதான் உண்டு.

இந்த மொட்டைத்தன்மையைச் சிக்கனம் என்று எண்ணிவிட வேண்டாம். கொடியும் பூவும் செதுக்கிய கைப்பிடியில் சுத்தியல் பட்ட தழும்பையும் பற்றவைத்த இடத்தையும் அந்த வேலைப்பாட்டுக்குள்ளேயே மறைத்துவிடலாம். வெறும் தட்டைப் பரப்பில் அதற்கு வழியில்லை. விளிம்பு மயிரிழை அளவு கோணினாலும், மெருகு ஓரிடத்தில் மங்கினாலும், வெளிச்சம் பட்ட உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எளிமையாகத் தோன்றும் இந்தக் கரண்டிக்குத் தேர்ந்த கைவினைஞரின் நெடுநேர உழைப்பு தேவைப்பட்டது. மலிவான பொருளோடு போட்டியிடுவது தங்கள் நோக்கமன்று என்றும், கலைநோக்கில் செம்பும் வெள்ளிக்கு இணையானதே என்றும் அந்தப் பட்டறை 1905இல் வெளியிட்ட செயல்திட்டத்தில் அறிவித்தது. கேட்பதற்கு அழகான கொள்கைதான். ஆனால் அந்த எளிமையை வாங்க முடிந்தவர்கள் வெகுசிலரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. தம் செல்வத்தை இழந்த வேர்ண்டோர்ஃபர் 1914இல் அமெரிக்கா சென்றார். பட்டறை 1932இல் மூடப்பட்டது.

கட்டடக்கலைஞர் கரண்டி வரையும் இந்த வழியில் ஹாஃப்மன்தான் முதலில் நடந்தார் என்றும் சொல்ல முடியாது. ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் பீட்டர் பேரன்ஸ் 1901இல் டார்ம்ஷ்டாட் நகரில் தாம் கட்டிய சொந்த வீட்டுக்கென வெள்ளிக் கரண்டிகளை வரைந்தார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கட்டடக்கலைஞர் சார்லஸ் ரெனீ மாக்கின்டோஷ் நீண்டு மெலிந்த கைப்பிடிகளோடு கரண்டிகள் வரைந்தவர். அவருடைய படைப்புகள் 1900இல் வியன்னாவின் செசெஷன் கண்காட்சியில் இடம்பெற்றன. வேர்ண்டோர்ஃபர் தம் வீட்டின் இசையறையை வடிவமைக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்திருந்தார். அந்தத் தொடர்பை விட்டுவிட்டு ஹாஃப்மனின் வெள்ளிப் பொருள்களைப் பற்றிப் பேசினால் கதை பாதியாகிவிடும் என்பது என் கருத்து.

கேள்வி: இவற்றைக் கொண்டு உண்மையில் வசதியாகச் சாப்பிட முடியுமா?

பதில்: இந்த ஐயம் அப்போதே எழுந்தது. 1906இல் அதே பட்டறை வியன்னாவில் நடத்திய ‘விரித்த மேசை’ கண்காட்சியைப் பார்த்த விமர்சகர் ஒருவர், இவை உடற்கூறு ஆய்வுக் கருவிகளை நினைவூட்டுகின்றன என்று குத்தலாக எழுதினார். கேலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அதில் ஓரளவு நியாயம் உண்டு. விரலின் வளைவுக்கு இணங்கும் கைப்பிடியைப் போலத் தட்டையான வெள்ளிப் பட்டை கையில் படியாது; அழுத்தி வெட்டும்போது விளிம்பு தோலில் பதியும். வரைபலகையில் அழகாக நிற்கும் கோட்டைக் கைக்காக விட்டுக்கொடுக்க ஹாஃப்மனுக்கு மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன். அரை நூற்றாண்டு கழித்து, 1957இல், கோபன்ஹேகனின் எஸ்ஏஎஸ் ஹோட்டலைக் கட்டிய டென்மார்க் கட்டடக்கலைஞர் ஆர்னே யாகோப்சன் அதன் மேசைகளுக்கென எவர்சில்வரில் வரைந்த வரிசையும் இதே அளவு மொட்டையானதுதான். ஆயினும் அதில் சூப் கரண்டி வலக்கைக்கு ஒன்றும் இடக்கைக்கு ஒன்றுமாக இரு வடிவங்களில் உண்டு. சாப்பிடுகிறவரின் கை அவர் நினைவில் இருந்திருக்கிறது.

கேள்வி: பழைய வெள்ளிக் கரண்டி ஒன்று ஹாஃப்மனுடையது என்று விலைக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் முத்திரைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அக்கால ஆஸ்திரிய வெள்ளியில் டயானா தேவியின் தலை பொறித்த அரசு முத்திரை இருக்கும். அதனுடன் உள்ள 3 என்ற எண் ஆயிரத்தில் 800 பங்கு தூய்மையையும், 2 என்பது 900 பங்கையும் குறிக்கும். ‘ஏ’ என்ற எழுத்து வியன்னாவைக் காட்டும். பட்டறையின் ரோஜா முத்திரை, அதன் பெயரின் முதலெழுத்துகளான இரண்டு ‘டபிள்யூ’ பின்னிய குறி, வடிவமைப்பாளரின் பெயரெழுத்துக் குறி ஆகியவற்றோடு பல பொருள்களில் செய்த கைவினைஞரின் குறியும் காணப்படும். வரைந்தவருக்குத் தரும் மதிப்பைச் செய்தவருக்கும் தர வேண்டும் என்பது அங்கே வழக்கமாக இருந்தது. முத்திரையைப் போலியாக அடிக்க முடியும் என்பதால், அது ஒன்றை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காமல், அருங்காட்சியகப் படங்களோடு அளவையும் மணிகளின் அமைப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கிய பிறகு முட்டைக்குப் பயன்படுத்த வேண்டாம். முட்டையிலுள்ள கந்தகத்தால் வெள்ளி கறுத்துவிடும். பழைய வெள்ளிக் கத்திகள் பலவற்றின் கைப்பிடி உள்ளே பொள்ளலாக இருக்கும். எஃகு அலகை அதில் பிசின் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். வெந்நீரில் ஊறினால் அந்தப் பிசின் இளகிவிடும் என்பதால் கத்திகளைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாமல் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதே சரி.