டென்சைல் ரிப்போர்ட் சரியாக இருந்தும் விசைப்படகின் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒடிவது ஏன்? புது ஷாஃப்டை ஃபடீக் டெஸ்ட் செய்து வாங்கலாமா?

குளச்சலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒடிந்தது டேப்பரின் (புரொப்பல்லர் ஏறும் கூம்பு முனை) பருத்த பக்கம், கீவே (கீ எனும் பூட்டுக்கட்டை உட்காரும் பள்ளம்) தொடங்கும் இடத்தில் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: ஃபடீக் டெஸ்ட் செய்த ஷாஃப்டைப் படகில் போடக் கூடாது. திரும்பத் திரும்பப் பளு கொடுத்து உடையும்வரை ஓட்டுவதுதான் அந்தச் சோதனை. உடையாமல் நிறுத்தினாலும் ஆயுளில் ஒரு பங்கு போயிருக்கும். அதே கம்பியில் வெட்டிய பீஸ்களைத்தான் சோதிப்பார்கள்.

டென்சைல் ரிப்போர்ட் ஒரே இழுப்பில் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டும் சொல்லும். ஷாஃப்டோ புரொப்பல்லரின் எடையாலும், ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்மானத்தாலும், அலைன்மென்ட் பிசகாலும் லேசாக வளைந்தபடியே சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேற்பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்கும். கியர்பாக்ஸுக்குப் பின் 400 ஆர்பிஎம் என்றால் மணிக்கு 24,000 முறை. சுமார் 417 மணி நேரத்தில் 1 கோடியைத் தொட்டுவிடும்.

பாலிஷ் செய்த ஸ்டீல் பீஸ், காற்றில், 1 கோடி சுற்றைத் தாண்டிவிட்டால் பொதுவாக அதற்குமேல் உடையாது. அந்த எல்லை டென்சைல் வலிமையில் ஏறக்குறைய பாதி: 650 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) உள்ள இஎன்8 என்ற கார்பன் ஸ்டீலுக்கு 325. இந்த எண்ணை நம்பி ஷாஃப்டின் தடிமனை முடிவு செய்தால் ஆபத்து. கடல்நீரில் அப்படி ஓர் எல்லையே இல்லை. துருக்குழியில் விரிசல் பிறக்கும்; ஓட ஓடத் தாங்குதிறன் இறங்கிக்கொண்டே போகும். கீவே மூலை சதுரமாக வெட்டியிருந்தால் அழுத்தம் அங்கே குவியும். புரொப்பல்லரின் நடுக்குடமான ஹப் ஷாஃப்டை இறுகிப் பிடிக்கும் விளிம்பில் நுண்ணிய உரசல் வேறு. செம்பழுப்புப் பொடி தெரிந்தால் அது நடக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே லேபில் கொடுப்பதானால் "உப்புநீரில், மெதுவாக" என்று எழுதிக் கேளுங்கள். பீஸை வளைத்தபடி சுற்றும் சுழல் வளைவு மெஷினில் 6,000 ஆர்பிஎம் வைத்தால் 28 மணி நேரத்தில் 1 கோடி முடியும். ஆனால் துரு வேலை செய்ய நேரம் வேண்டும். வேகமாக ஓட்டினால் கடல்நீர் சாதுவாகத் தெரியும், ரிப்போர்ட் அழகாக வரும், ஷாஃப்ட் கடலில் ஒடியும். நொடிக்கு 2 முறை என்றால் சுமார் 58 நாள், நம் மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் அளவுக்கு. அதுவும் ஒரு பீஸுக்கு. ஒரே கம்பியில் ஒரே பளுவில் ஓடும் பீஸ்களின் ஆயுளே பல மடங்கு வேறுபடும் என்பதால் ஒன்றிரண்டு போதாது. படிப்படியாகப் பளுவை ஏற்றி இறக்கும் முறைக்கு ஃபடீக் சோதனைக் கணக்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12107 முதற்கட்டமாகவே குறைந்தது 15 பீஸ் கேட்கிறது. சிறிய பீஸில் வந்த எண்ணைப் பருமனான ஷாஃப்டுக்கு அப்படியே போடவும் முடியாது. குறைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு படகுக்காக இவ்வளவு செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. ஷாஃப்ட் செய்து விற்பவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. அந்தப் பணத்தை லேத்தில் போடுங்கள். கீவேயின் முனை கரண்டி வாட்டத்தில் மேலேறி முடியட்டும், அடிமூலைக்கு ரேடியஸ் (உருண்ட வளைவு) இருக்கட்டும். டேப்பரை மார்க்கிங் புளூ (ஒட்டும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவி, ஹப்போடு சுற்றிலும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஹப்பின் முன்பக்கம் தண்ணீர் புகாதபடி சீல் வையுங்கள். தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்துக் கடைய மட்டும் விடாதீர்கள். அடுத்த விரிசல் அந்த ஓரத்திலேயே தொடங்கும்.

ஒவ்வொரு தடைக்காலத்திலும் ஷாஃப்டை உருவி, கீயையும் எடுத்துவிட்டு டை பெனட்ரண்ட் (விரிசலைச் சாயத்தால் காட்டும் சோதனை) பாருங்கள். அதற்கு முன் வயர் பிரஷோ கிரைண்டரோ வேண்டாம், விரிசலின் வாய் மூடிக்கொள்ளும். கிளீனரால் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, 10 முதல் 20 நிமிடம் விட்டு, துணியால் துடையுங்கள். கிளீனரை நேரடியாக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் வெளியேறிவிடும். பிறகு, விரிசலுக்குள் உள்ள சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் டெவலப்பரை அடியுங்கள். கீவே மூலையில் மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தால் ஷாஃப்டை மாற்றிவிடுங்கள். இஎன்8-க்கு மேக்னடிக் பார்ட்டிகிள் சோதனை (காந்தமேற்றி இரும்புத்தூள் தூவி விரிசலைப் பார்ப்பது) இன்னும் நல்லது. 316 ஸ்டெயின்லஸில் காந்தம் பிடிக்காது, அதற்குச் சாயம்தான்.

ஒடிந்த துண்டை எறியாதீர்கள். இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல், நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி எண்ணெய் தடவி வையுங்கள். அலைவரி போன்ற வளைகோடுகள் எந்த மூலையிலிருந்து விரிகின்றன என்பதைப் பார்த்தால் தொடக்கப் புள்ளி தெரியும். கடைசியில் பட்டென்று முறிந்த சொரசொரப்பான பகுதி சிறிதாக இருந்தால் பளு குறைவு, குற்றம் கீவேயிலோ துருவிலோ. அது பெரிதாக இருந்தால் அலைன்மென்டையும் புரொப்பல்லர் சைஸையும் முதலில் பாருங்கள்.